கியர் ஒயரை ஹேண்டில்பாருக்கு முன்னால் ஓட்டுவதா, பின்னால் ஓட்டுவதா?

கேள்வி இது: ரோடு பைக்கின் ஹேண்டில்பாரை மாற்றி, டேப்பும் புதிதாகச் சுற்றிய பிறகு வலதுகைக் கியர் கனத்துவிட்டது. பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுகிறது. சிறியதற்கு இறங்கும்போது மட்டும் தயங்குகிறது. சில நேரம் இரண்டு கிளிக் கொடுத்த பிறகுதான் ஒரு பல்சக்கரம் இறங்குகிறது. லிவர் ஷிமானோ டியாக்ரா 4700. கடைக்காரர் கியர் ஒயரைப் பாருக்குப் பின்பக்கமாக ஓட்டியிருக்கிறார். முன்பக்கமாக ஓட்டியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காதா?

வராமலும் இருந்திருக்கலாம், வந்தும் இருக்கலாம். லிவரைவிட்டு வெளியே வரும் அவுட்டர், அதாவது ஒயரின் மேலுறைக் குழாய், ஃபிரேமைத் தொடுவதற்குள் மொத்தம் எத்தனை டிகிரி வளைகிறது என்பதுதான் இங்கே முதல் கணக்கு. முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்க நமக்கிருக்கும் வழிகள், அவ்வளவுதான். பிடிக்கும்போது கைக்கு எப்படி இருக்கிறது என்பது அடுத்தது. பார்க்க எப்படி இருக்கிறது என்பது கடைசி.

முதலில் நோயின் குறி. ஏறுவது சரியாக இருந்து இறங்குவது மட்டும் தயங்கினால், அது பெரும்பாலும் ஒயரின் உராய்வுதான். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுவது உங்கள் விரல். ஒயர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்துவிடும், வித்தியாசம் தெரியாது. இறக்கும்போது நீங்கள் எதையும் இழுப்பதில்லை. லிவர் ஒயரை விடுகிறது. பின் டெரெய்லருக்குள் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) இருக்கும் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்பிரிங்கின் பலம் மாறாதது. வழியில் உராய்வு கூடினால் அது தோற்றுப்போகும். டியாக்ரா 4700-இல் ஒரு கிளிக்குக்கு ஒயர் நகரும் தூரம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் அரை மில்லிமீட்டர் வழியில் மாட்டிக்கொண்டாலே செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் கடகடக்க ஆரம்பித்துவிடும். இந்த நிலையில் டெரெய்லரின் சரிசெய்யும் திருகை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. இறங்குவதைச் சரிசெய்தால் ஏறுவது கெடும்.

டேப்பைப் பிரிப்பதற்கு முன், உராய்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் ஃபிரேமில் ஒயர் வெளியே ஓடுகிறது என்றால் இது சுலபம். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி, செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். பிறகு பெடலைச் சுற்றாமல் லிவரை மட்டும் கடைசிவரை இறக்குங்கள். ஒயர் தொளதொளவென்று தளர்ந்துவிடும். இப்போது டவுன்ட்யூபிலும் (ஃபிரேமின் கீழ்க்குழாய்) செயின்ஸ்டேயிலும் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) அவுட்டரின் முனையைத் தாங்கும் நிறுத்தங்களிலிருந்து அவுட்டரை வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு அவுட்டர் துண்டையும் இன்னர் ஒயரின் (உள்ளே ஓடும் கம்பி) மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பின் டெரெய்லருக்குப் போகும் சின்ன வளைவு சொரசொரவென்று நகர்ந்தால் குற்றவாளி அங்கேதான்; ஹேண்டில்பாரைத் தொடவே வேண்டாம். அந்தத் துண்டு தரைக்குப் பக்கத்தில், செயினுக்குப் பக்கத்தில் இருப்பதால் மழைச்சேறு முழுவதையும் அதுதான் குடிக்கிறது. ஒயர் ஃபிரேமுக்கு உள்ளே ஓடுகிறது என்றால், டெரெய்லரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஒயர் நுனியைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே லிவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். விடும்போது ஒயர் உங்கள் கையோடு ஒழுகலாக வரவேண்டும். பிசுபிசுத்து வந்தால் வழியில் எங்கோ சிக்கல்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டேப்புக்கு அடியில் ஒயர் ஓடும் ஷிமானோ லிவர்கள் பலவற்றில், இன்னர் ஒயரின் குமிழ்த்தலை உட்காரும் இடத்தை ஒட்டி ஒயர் இறுக்கமாக வளைகிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அதே இடம் மடங்கி மடங்கி, இழை இழையாக அறுந்துபோகும். வெளியில் ஒன்றும் தெரியாது. கியர் திடீரென்று ஒழுங்கு தவறும், திருகைத் திருகினால் ஒருநாள் சரியாகும், மறுநாள் மறுபடி தவறும். இதுதான் அதன் அடையாளம். அப்படியே ஓட்டினால் தலை மட்டும் லிவருக்குள் தங்கிவிட ஒயர் அறுந்துவிடும். அந்தத் தலையையும் உதிர்ந்த இழைகளையும் லிவரிலிருந்து எடுப்பது ஒரு சாயங்காலத்தைச் சாப்பிடும் வேலை. சில நேரம் எடுக்கவே முடியாது, லிவரே போய்விடும். எனவே ஹூடின் (லிவரில் கை வைக்கும் பிடி) ரப்பரை உருட்டி, லிவரைச் சிறிய பல்சக்கரத்தின் நிலைக்கு இறக்கி, ஒயரைக் கொஞ்சம் வெளியே தள்ளித் தலையை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். ஒரே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒயரை மாற்றிவிடுங்கள். வாரந்தோறும் ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இன்னர் ஒயரை மாற்றிவிடுவது நல்லது. லிவரின் விலையோடு ஒப்பிட்டால் ஒயர் ஒரு செலவே இல்லை.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகு சிக்கல் ஹேண்டில்பார் பக்கம்தான் என்று தெரிந்தால், வளைவுக் கணக்குக்கு வருவோம்.

துறையில் தோணியைக் கட்டுகிறவர் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அலை எவ்வளவு இழுத்தாலும் கைக்கு வந்து சேரும் இழுப்பு சொற்பம். வளைந்து செல்லும் ஒயருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. இதற்கான சூத்திரத்தில் இரண்டே எண்கள்: உராய்வுக் கெழு, மொத்த வளைவுக் கோணம். இரண்டையும் பெருக்கி, அதை அடுக்காகப் போடுகிறார்கள். கூட்டலாக இல்லாமல் அடுக்காக வருவதால்தான் விஷயம் கடுமையாகிறது. புது அவுட்டர், உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் குழாய் என்று வைத்து உராய்வுக் கெழுவை 0.1 என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் வந்த இழுப்பில் ஏறத்தாழ 15 சதவீதத்தை விழுங்கிவிடும். 180 டிகிரி வளைந்தால் மறுமுனைக்குக் கிடைப்பது 73 சதவீதம். 360 டிகிரி வளைந்தால் 53 சதவீதம்.

உங்கள் பைக்கில் வலது லிவரிலிருந்து பின் டெரெய்லர்வரை எண்ணிப் பாருங்கள். லிவரிலிருந்து பாரை நோக்கித் திரும்பும்போது ஒரு 45. பாரின் முனையில், முன்னோக்கி நீளும் பகுதி குறுக்குப் பகுதியாகத் திரும்பும் இடத்தில் ஒரு 90. ஸ்டெம்முக்கு (பாரை ஃபிரேமோடு இணைக்கும் தண்டு) பக்கத்தில் டேப்பைவிட்டு வெளியே வந்து ஃபிரேமுக்கு இறங்கும்போது இன்னொரு 90. பெடல் அச்சுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் காடியில் 60 போல. பின் டெரெய்லருக்குப் போகும் கடைசி வளைவு 150. கூட்டினால் 430 டிகிரி அளவுக்கு வருகிறது. எல்லாம் கண்மதிப்புதான், உங்கள் ஃபிரேமைப் பொறுத்து முன்பின் இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும்போதே ஸ்பிரிங்கின் இழுப்பில் பாதிக்கும் குறைவுதான் லிவரை எட்டுகிறது. ஹேண்டில்பார் வேலையில் கவனமில்லாமல் கூடுதலாக ஒரு 90 டிகிரி சேர்த்துவிட்டால் அது 40 சதவீதமாகிவிடும். அழுக்கும் துருவும் ஏறி உராய்வுக் கெழு 0.2 ஆகிவிட்டால், அதே 430 டிகிரியில் 22 சதவீதம்தான் மிஞ்சும். பழைய அவுட்டரை அப்படியே வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றுவது பாதி வேலை என்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தச் சூத்திரத்தில் வளைவின் ஆரம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு 90 டிகிரியைப் பெரிய வட்டத்தில் வளைத்தாலும் சிறிய வட்டத்தில் வளைத்தாலும் உராய்வுக் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. பலரும் "வளைவு பெரிதாக இருக்க வேண்டும்" என்று அவுட்டரை நீளமாக விட்டு, அது மேலே ஏறி, கீழே இறங்கி, எஸ் வடிவம் எடுப்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். எஸ் வடிவத்தில் வலப்பக்கம் 40, இடப்பக்கம் 40 என்றால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது. 80 ஆகத்தான் கூடும். ஆரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மிகவும் குறுக்கி மடித்தால் ஒயரின் விறைப்பே அதை எதிர்க்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் தேயும், அவுட்டர் மடிப்பு விழுந்து நிமிராமல் போகும்.

ஷிமானோ இந்தச் சிக்கலை நன்றாகவே அறிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிரேக் லிவரோடு கியரையும் இணைத்த எஸ்டிஐ லிவரை அது 1990-இல் கொண்டுவந்தபோது, பிரேக் ஒயர் டேப்புக்கு அடியில் போனது. கியர் ஒயர் மட்டும் லிவரின் உள்பக்கத்திலிருந்து வெளியே தொங்கி, ஒரே ஒரு பெரிய வளைவில் ஃபிரேமுக்குப் போனது. போட்டி நிறுவனமான கம்பாக்னோலோ 1992-இல் எர்கோபவர் லிவரை இறக்கியபோது இரண்டு ஒயர்களையும் டேப்புக்குள் ஒளித்தது. இன்னொரு போட்டி நிறுவனமான ஸ்ராம் 2006-இல் டபுள்டாப் லிவரோடு ரோடு பைக்குக்கு வந்தபோதும் அப்படித்தான். பார்க்க அழகு அவர்கள் பக்கம். ஷிமானோ விடாப்பிடியாக இருந்து, 2008-இல் அறிவித்த தன் உச்ச ரகமான டூரா-ஏஸ் 7900-இல்தான் கியர் ஒயரை டேப்புக்குள் கொண்டுபோனது. அந்த லிவர் முந்தையதைவிடக் கனம் என்ற புகார் கூடவே வந்தது. வழியில் 90 டிகிரி கூடினால் வேறென்ன வரும்? 2012-இல் வந்த 9000 வரிசையில் பாலிமர் பூசிய ஒயரைச் சேர்த்த பிறகுதான் பேச்சு அடங்கியது. பிறகு படிப்படியாகக் கீழ்ரகங்களுக்கு இறங்கி, 2015-இல் உங்கள் டியாக்ரா 4700, 2016-இல் சோரா ஆர்3000, 2017-இல் கிளாரிஸ் ஆர்2000 எல்லாமே டேப்புக்குள் போய்விட்டன. இன்றும் பழைய தொங்கும் ஒயர் லிவர் வைத்திருப்பவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. கியர் மாற்றத்தின் இலகுவில் அது ஒன்றும் மட்டமில்லை.

இப்போது முன்பக்கமும் பின்பக்கமும்.

பாரின் முனை வளைவில் இரண்டுக்கும் கோணம் ஒன்றுதான், 90 டிகிரி. பின்பக்கம் ஓடும் அவுட்டர் வளைவின் வெளிச்சுற்றில் போகிறது. ஆரம் பெரிது, நீளம் கொஞ்சம் கூடுதல். முன்பக்கம் ஓடுவது உட்சுற்றில் போகிறது, ஆரம் சிறிது. பழைய வட்டமான பார்களில் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. இப்போது வரும் குட்டையான காம்பாக்ட் பார்கள் சிலவற்றில் முனை வெடுக்கென்று திரும்புகிறது. அங்கே உட்சுற்றில் போகும் அவுட்டர் மடிப்பு விழும் அளவுக்கு நெருங்கிவிடும். உங்களுடையது பின்பக்கம் ஓடுவதால் சந்தேகத்தை முதலில் இங்கே வைக்க வேண்டாம்.

உண்மையான வித்தியாசம் இரண்டு நுனிகளில் இருக்கிறது. ஒன்று, லிவரைவிட்டு வெளியேறும் இடம். அவுட்டர் எந்தத் திசையைப் பார்த்து வெளியே வருகிறதோ, அந்தத் திசையிலிருந்து குறைவாக விலகும் பக்கம் எது என்று பார்க்க வேண்டும். லிவர் பாரில் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது, எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். எனவே லிவரின் இடத்தை முடிவுசெய்யாமல் ஒயரைத் தொடக்கூடாது. பைக்கில் ஏறி உட்கார்ந்து, ஹூடைப் பிடித்து, மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்து, லிவரை இறுக்கிய பிறகுதான் அவுட்டர்.

இரண்டாவது நுனி ஸ்டெம்முக்குப் பக்கத்தில். பின்பக்கமாக வரும் அவுட்டர் டேப்பைவிட்டு வெளியே வரும்போது பாருக்கும் ஹெட்ட்யூபுக்கும் (ஃபிரேமின் முன்குழாய்) இடையிலுள்ள இடுக்கில் நிற்கிறது. ஸ்டெம் 110, 120 மில்லிமீட்டர் என்றால் அங்கே தாராளமாக இடம் உண்டு, ஒரே வளைவில் ஃபிரேமுக்கு இறங்கிவிடும். ஸ்டெம் 80 அல்லது 90 என்றால் இடம் போதாது. ஹேண்டிலைத் திருப்புவதற்கு வேண்டிய தளர்வை வைக்க, அவுட்டர் முதலில் பாருக்கு அடியில் முன்னே எட்டிப் பார்த்து, பிறகு பின்னே திரும்பும். எஸ் வடிவம் அங்கேதான் பிறக்கிறது. முன்பக்கமாக வரும் அவுட்டருக்கு இந்த நெருக்கடி இல்லை. பாருக்கு முன்னால் ஒரு பெரிய வளைவெடுத்து நேராக இறங்கிவிடும். காற்றைக் கிழிப்பதில் கொஞ்சம் நட்டம் என்பார்கள். பந்தயம் ஓட்டாதவருக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கை என்ன சொல்கிறது? பாரின் குறுக்குப் பகுதியைப் பிடிக்கும்போது உள்ளங்கை மேலும் பின்னும் அழுந்தும்; விரல்கள் முன்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். பிரேக், கியர் இரண்டையும் முன்னால் ஓட்டினால் உள்ளங்கைக்குப் பின்பக்கம் வழவழப்பாக இருக்கும், ஆனால் முன்பக்கம் தடித்துவிடும். சிறிய கை உள்ளவர்களுக்கு விரல் முழுதாகச் சுற்றாது. ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் ஓட்டினால் பிடி உருண்டையாக, சீராக இருக்கும். சில பார்களில் அவுட்டர் அமர்வதற்குக் காடி வெட்டியிருப்பார்கள். முன்னால் மட்டும் ஒரு காடி, முன்னும் பின்னும் ஒவ்வொன்று என்று வகைகள் உண்டு. காடி இருந்தால் அதன் வழியே போவதுதான் மரியாதை. காடியை விட்டு விலகினால் டேப்புக்கு மேலே மேடு தட்டும்.

என் முடிவு இதுதான். பிரேக் ஒயர் எப்போதும் முன்னால். அதன் அவுட்டர் 5 மில்லிமீட்டர் தடிமன், விறைப்பானது, ஸ்டெம்முக்குப் பக்கத்து இடுக்கில் மடக்கினால் அடம்பிடிக்கும். கியர் ஒயர், ஸ்டெம் 100-க்கு மேல் இருந்தால் பின்னால். ஸ்டெம் குட்டை என்றால் அதுவும் முன்னால். இதற்கு நேர்மாறாக ஒயரை ஓட்டியும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பைக்குகளும் உண்டு. ஓடினால் தொடவேண்டாம்.

சிலர் ஏரோ பார் வாங்கி, அவுட்டரைப் பாருக்கு உள்ளேயே ஓட்டுகிறார்கள். துளைக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் சேர்ந்து கூடுதலாக 60, 70 டிகிரி சேர்ந்துவிடும். எலெக்ட்ரானிக் கியருக்கு அது சரி. ஒயர் கியருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹெட்செட்டுக்குள் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) ஒயரை இறக்கும் ஃபிரேம்களுக்கும் இதையேதான் சொல்வேன். பெரிய நிறுவனங்களே உயர்ரகங்களில் ஒயரைக் கைவிட்டுவிட்டன. 2021-இல் வந்த டூரா-ஏஸ் ஆர்9200-க்கு ஒயர் கியர் வடிவமே கிடையாது.

அவுட்டரின் வகையில் தவறு வேண்டாம். கியர் அவுட்டர் 4 மில்லிமீட்டர். அதன் உள்ளே கம்பி இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அழுத்தினால் குறுகாது. பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். வளைக்கும்போதும் அழுத்தும்போதும் அதன் நீளம் கொஞ்சம் மாறும். பிரேக்குக்கு அது போதும், 3 மில்லிமீட்டர் கிளிக்குக்குப் போதாது. மாற்றிப் போடுவது அதைவிட மோசம். சாதாரணக் கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால், முழுப்பலத்தோடு பிரேக் பிடிக்கும்போது இழைகள் பிளந்துகொண்டு வெடித்துவிடலாம். பிரேக் இல்லாமல் நிற்பீர்கள். ஷிமானோவின் எஸ்பி41 அவுட்டர் உள்ளே கிரீஸோடு வருகிறது. ஒயர் கனக்கிறது என்று அதற்குள் ஸ்பிரே எண்ணெய் அடிப்பவர்கள், இருக்கும் கிரீஸையும் கழுவி வெளியேற்றிவிடுகிறார்கள். செயின் எண்ணெயும் வேண்டாம், தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

வெட்டுவதற்கு ஒயர் வெட்டும் கட்டர் வேண்டும். சாதாரணக் குறட்டால் வெட்டினால் அவுட்டர் நசுங்கி, உள்குழாய் மூடிக்கொள்ளும். வெட்டிய பிறகு முனையை அரத்தால் தட்டையாக்கி, குழாயின் வாயை ஊசியால் திறந்துவிட்டு, அதன்பிறகு அவுட்டர் முனைக்கான மூடியைப் போடுங்கள். கியர் அவுட்டரின் இழைகள் ஏற்றத்தாழ்வாக நின்றால், சில வாரங்களில் ஒன்றிரண்டு மூடியைத் துளைத்துக்கொண்டு முன்னே வரும். அப்போதும் கியர் தவறும், காரணம் புரியாமல் திருகைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

நீளம் விஷயத்தில் ஒரு சந்தேகம். ஹேண்டில்பாரை மாற்றியபோது கடைக்காரர் பழைய அவுட்டரையே போட்டிருக்கலாம். பழைய பாரின் அகலத்துக்கும் நீட்டத்துக்கும் வெட்டிய துண்டு அது. புதிய பார் 2 சென்டிமீட்டர் குறுகலாக இருந்தால் பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் மிச்சம். நீட்டமும் குறைந்திருந்தால் இன்னும் மிச்சம். அது முழுவதும் ஸ்டெம்முக்குப் பக்கத்தில்தான் புடைத்து நிற்கும். புதிய பார் பெரிதாக இருந்தால் எதிர்மாறு: அவுட்டர் விறைத்து, ஃபிரேமின் நிறுத்தத்தில் நுழையும் இடத்தில் ஒடிந்தாற்போல் வளையும். சரியான நீளத்துக்குச் சோதனை சுலபம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். எந்தப் பக்கத்திலும் அவுட்டர் இழுபடக்கூடாது. பிறகு பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிக்கொண்டே ஹேண்டிலைத் திருப்புங்கள். செயின் தானாகக் கியர் மாறினாலோ கடகடத்தாலோ அவுட்டர் குட்டை.

ஃபிரேமுக்கு வெளியே ஒயர் ஓடும் பைக்கில், வலது லிவரின் அவுட்டரை இடப்பக்க நிறுத்தத்துக்கும், இடது லிவருடையதை வலப்பக்க நிறுத்தத்துக்கும் கொண்டுபோவது நல்ல வழி. வலது பாரிலிருந்து ஸ்டெம்மை நோக்கி வரும் அவுட்டர் ஏற்கெனவே இடப்பக்கம் பார்த்துத்தான் வருகிறது. அதை அதே போக்கில் விட்டால் ஹெட்ட்யூபைச் சுற்றி ஒரே வளைவில் போய்ச் சேரும். வலப்பக்க நிறுத்தத்துக்கே திருப்பினால் எதிர்த்திசையில் ஒரு வளைவு கூடும், ஹெட்ட்யூபின் பெயின்டும் தேயும். இன்னர் ஒயர்கள் இரண்டும் டவுன்ட்யூபுக்கு அடியில் ஒருமுறை குறுக்கே கடந்து அவரவர் பக்கத்துக்குப் போய்விடும். உரசினாலும் லேசாகத்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகக்கூடாது. ஃபிரேமுக்கு உள்ளே ஒயர் ஓடினால், உள்ளே குழாய் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் இப்படி மாற்றாதீர்கள்.

முன் டெரெய்லருக்குச் சரிசெய்யும் திருகு வேண்டும். ஷிமானோவின் 105 ஆர்7000, அல்டெக்ரா ஆர்8000 போன்றவற்றில் டெரெய்லரிலேயே அது இருக்கிறது. உங்களுடையதில் ஒயரின் நடுவே பொருத்தும் திருகைப் போட வேண்டியிருக்கலாம். அதை அவுட்டரின் நேரான பகுதியில் வையுங்கள். வளைவில் வைத்தால் அதன் இரண்டு முனையிலும் அவுட்டர் ஒடியும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் வலது கை முன்பிரேக் என்பது பழக்கம். இறக்குமதியாகும் பைக்குகள் சில இடது கைக்கு முன்பிரேக்கோடு வரும். ஒயரைப் பிரிக்கும் இந்த நேரத்தில், உங்கள் கைக்கு எது பழக்கமோ அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் அன்றைக்குத் தெருவுக்குள்ளேயே பத்துத் தடவை பிடித்துப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

சரி, பாரில் வேலை. முதலில் டேப் இல்லாமல் அவுட்டரைக் கையால் பிடித்து முன்னாலும் பின்னாலும் வைத்துப் பாருங்கள். இரண்டில் எது சண்டை போடாமல் படிகிறதோ அதுதான் உங்கள் பைக்குக்கு வழி. பிரேக் அவுட்டரை முதலில் கட்டுங்கள், பிறகு கியர். கியர் அவுட்டரின் முனை லிவருக்குள் முழுவதும் போய் உட்கார்ந்திருக்கிறதா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஹூடின் ரப்பருக்கு அடியில் மறைந்திருப்பதால் அது 2 மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் தெரியாது. அப்படியே டேப் சுற்றிவிட்டால், ஓட்ட ஓட்ட அது உள்ளே நகர்ந்து, ஒயர் தளர்ந்துகொண்டே போகும். உங்கள் பிரச்சினைக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அந்த முனைக்கு எந்த மூடி, மூடி வேண்டுமா வேண்டாமா என்பது லிவரின் கையேட்டில் இருக்கும். கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள்.

கட்டுவதற்கு எலெக்ட்ரிகல் டேப் போதும். லிவரை ஒட்டி ஒரு கட்டு, முனை வளைவுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, ஸ்டெம்முக்கு முன் ஒன்று. பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டாம். இறுக்கினால் ஒரே புள்ளியில் அழுத்தும், கைக்கும் குத்தும். கட்டிக்கொண்டே வரும்போது ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் இன்னர் ஒயரை இழுத்துப் பாருங்கள். எந்தக் கட்டில் கனம் கூடியதோ அதைப் பிரித்து அவுட்டரைக் கொஞ்சம் நகர்த்துங்கள். சென்னை போன்ற ஊரில் பாரின் மேல் சொட்டும் வியர்வை டேப்புக்குள் ஊறி, அவுட்டர் வெளியேறும் இடத்தில் உப்பாகப் படியும். டேப்பின் உள்முனையை இறுக்கமாக முடிப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை டேப்பைப் பிரித்துப் பார்ப்பதும் அங்கே அவசியம்.

இன்னர் ஒயரைப் போட்டு டெரெய்லரில் இறுக்குவதற்கு முன்னும் பின்னும், டவுன்ட்யூபில் தெரியும் ஒயரைக் கையால் பிடித்து நன்றாக இழுத்துவிடுங்கள். மூடிகளும் அவுட்டர்களும் தத்தம் இடத்தில் அழுந்தி உட்காரும். ஒரு வாரம் கழித்து ஒயர் "நீண்டுவிட்டது" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த உட்காரல்தான். இன்னொன்று: யாராவது பழைய 10 ஸ்பீட் பின் டெரெய்லரை மாற்றிப் போட்டிருந்தால் எந்த வழியில் ஒயரை ஓட்டினாலும் சரியாகாது. 4700 லிவர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் அளவு முந்தைய டியாக்ரா 4600-உடையதிலிருந்து வேறு. இரண்டும் 10 ஸ்பீட் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

இதையெல்லாம் முடித்ததும் பார் டேப்பைச் சுற்றிவிடாதீர்கள். எலெக்ட்ரிகல் டேப் கட்டோடு ஒரு நாள் காலை ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் ஒரு மேம்பாலம் ஏறி இறங்குங்கள். கடைசிப் பெரிய பல்சக்கரத்திலிருந்து கடைசிச் சிறியதுவரை, மெதுவாக ஒவ்வொரு கிளிக்காக இறக்குங்கள். ஒரு கிளிக்குக்கு ஒரு பல்சக்கரம் என்று தயங்காமல் விழுந்தால் வீட்டுக்கு வந்து டேப் சுற்றலாம்.